பீட்டர் பார்க்கருக்குக் கல்யாணம் ஆனதா?

சென்ற ஆண்டு மே மாத விடுமுறைக்கு அக்காவின் மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். வயது பதின்மூன்று. என் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த காமிக்ஸ்களை முதல் நாளே தரையில் பரப்பிவிட்டான். மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு ஸ்பைடர்மேன் தொகுப்புகளை இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். ஒன்றில் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரும் மேரி ஜேனும் கணவன் மனைவி. மற்றொன்று அதற்குப் பிந்தையது. அதில் பீட்டர் கல்யாணமாகாதவன், பெரியம்மா மேயின் வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருக்கிறான். “மாமா, இவனுக்குக் கல்யாணம் ஆச்சா, ஆகலையா?” என்று கேட்டான். “ஆச்சு. அப்புறம் ஆகவே இல்லைன்னு ஆக்கிட்டாங்க” என்றேன். அவன் சற்று யோசித்தான். “அப்படின்னா ஆகலைதானே?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனைப் பொறுத்தவரை கணக்கு முடிந்துவிட்டது. என்னால்தான் அந்தக் கேள்வியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. ஏறத்தாழ ஓராண்டாக அது என்னோடு இருக்கிறது.

அந்தக் கல்யாணம் 1987-ல் நடந்தது. அந்த ஆண்டின் ஜூன் 5 அன்று நியூயார்க்கின் ஷே மைதானத்தில், பேஸ்பால் ஆட்டம் தொடங்குவதற்கு முன், ஸ்பைடர்மேன் வேடமிட்டவருக்கும் மேரி ஜேன் வேடமிட்டவருக்கும் பல்லாயிரம் பேர் முன்னிலையில், ஸ்பைடர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான ஸ்டான் லீயே நின்று மணம் முடித்துவைத்தார். இதையெல்லாம் நான் பின்னால்தான் அறிந்தேன். எனக்கு அந்தக் கல்யாணம் நடந்தது தொண்ணூறுகளின் நடுவில், திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். பொறியியல் பாடப்புத்தகங்களுக்கும் பழைய ஆங்கில வார இதழ்களுக்கும் நடுவே, முனை மடங்கிப்போன அந்த ஆண்டுமலர் கிடந்தது. முகமூடியணிந்த மணமகனும் வெள்ளை உடையில் மணமகளும், அவர்களுக்குப் பின்னால் ஒரு பக்கம் நண்பர்களும் மறுபக்கம் எதிரிகளும் நிற்கும் அட்டை. லயன் காமிக்ஸின் ஸ்பைடரில் தொடங்கி இந்த வேறொரு சிலந்தி மனிதனிடம் வந்து சேர்ந்திருந்த எனக்கு, வில்லனைத் தோற்கடிப்பதைப் பற்றி அல்லாமல், வாடகை கட்ட முடியாத ஒருவன் கல்யாணத்துக்குப் பயப்படுவதைப் பற்றி ஒரு முழு இதழ் வரும் என்பதே புதிய செய்தி. அதை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல முடியாது.

கதவைச் சாத்திய பெண்

ஸ்பைடர்மேன் தொடக்கத்திலிருந்தே வளர்ந்தவன். மற்ற நாயகர்களிடமிருந்து அவனைப் பிரித்துக் காட்டியதே அதுதான். 1962 ஆகஸ்ட் இதழில் அறிமுகமானபோது அவன் பள்ளி மாணவன். 1965-ல் பள்ளிப்படிப்பை முடித்தான், அதே ஆண்டில் கல்லூரிக்குப் போனான். 1978-ல் பட்டம் வாங்கும் நாளன்று, உடற்பயிற்சி வகுப்பில் ஒரு பாடம் நிலுவையில் இருப்பதால் பட்டம் கிடையாது என்று அவனிடம் சொன்னார்கள். உலகத்தைக் காப்பாற்றியவனுக்கு உடற்பயிற்சியில் அரியர். படித்த காலத்தில் எனக்கும் அரியர் இருந்தது என்பதால் அந்தப் பக்கத்தின்மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. காலம் மெதுவாக நகர்ந்தது என்றாலும் நகர்ந்தது. வாசகன் ஐந்தாண்டு வளர்ந்தால் பீட்டர் ஓராண்டாவது வளர்ந்தான்.

அந்த வளர்ச்சியின் உச்சம் என்று நான் கருதுவது 1973-ல் வந்த இரண்டு இதழ்கள். 121-ஆம் இதழில் பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசி இறக்கிறாள். எல்லோரும் பேசுவது அதைப் பற்றித்தான். எனக்கு முக்கியமானது 122-ஆம் இதழின் கடைசிப் பக்கம். க்வெனை இழந்த பீட்டர் அறைக்குத் திரும்புகிறான். ஆறுதல் சொல்ல மேரி ஜேன் வருகிறாள். அதுவரை அவள் விருந்தும் நடனமுமாகத் திரிந்த, எதையும் பொருட்படுத்தாத பெண்ணாகவே தொடரில் இருந்தவள். பீட்டர் அவள்மீது சீறுகிறான். உன்னைப் பெற்றவள் செத்தாலும் நீ வருந்தமாட்டாய் என்கிற அளவுக்குக் கொடுமையாகப் பேசி, வெளியே போகச் சொல்கிறான். அவள் கதவருகே போகிறாள். கட்டங்கள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. வாசலில் ஒரு கணம் நிற்கிறாள். முகத்தில் அழுகையை அடக்கும் இறுக்கம். பிறகு கதவு சாத்தப்படும் சத்தம், ‘க்ளிக்’. அவள் வெளியே போகவில்லை, உள்ளே நின்றுகொண்டு கதவைச் சாத்துகிறாள். அவள் பேசும் ஒரு பலூன்கூட அந்த இடத்தில் இல்லை. ஜெர்ரி கான்வே அந்தக் கதையை எழுதியபோது அவருக்கு இருபது வயதுதான். ஒரு பெண் விளையாட்டுத்தனத்தைக் கழற்றி வைத்துவிட்டு வளர்ந்தவளாகும் தருணத்தை, ஒரு கதவை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிக் காட்டினார்கள் என்று இன்றும் வியக்கிறேன். 1987-ன் கல்யாணம் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கதவுச் சத்தத்தில் தொடங்கிவிட்டது.

வளரக் கூடாது என்பதற்கான நியாயம்

நாயகன் வளரக் கூடாது என்று சொல்பவர்கள் ரசனை இல்லாதவர்கள் அல்லர். இத்தாலிய அறிஞர் உம்பெர்த்தோ எக்கோ 1962-லேயே, ஸ்பைடர்மேன் பிறந்த அதே ஆண்டில், சூப்பர்மேனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். புராண நாயகன் மாறாதவன். நாவலின் நாயகனோ நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி தன் ஆயுளைச் செலவழித்துக்கொண்டே போகிறவன். மாதந்தோறும் வரவேண்டிய சூப்பர்மேன் இரண்டாகவும் இருந்தாக வேண்டும். அவன் மணம் செய்துகொண்டால், திரும்பப் பெற முடியாத ஒரு செயலைச் செய்துவிட்டால், மரணத்தை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தவனாகிறான். ஆகவே அவனுடைய காலம் கனவில் நடப்பதைப் போல முன்னும் பின்னும் இல்லாமல் குழம்பிக் கிடக்க வேண்டியிருக்கிறது. எக்கோ வாதத்தின் சாரம் இது. வாசகருக்கு வேண்டியது மாற்றமல்ல, மாறுவதைப் போன்ற தோற்றம் மட்டுமே என்று ஸ்டான் லீ சொன்னதாக வழங்கிவரும் கூற்றும் இதே இடத்துக்குத்தான் வருகிறது. ஸ்பைடர்மேன் இதழ்களை வெளியிடும் மார்வெலின் தலைமை ஆசிரியராக இருந்த ஜோ கெசாடா பல ஆண்டுகள் வெளிப்படையாகவே சொல்லிவந்தார்: கல்யாணம் பீட்டரை முதியவனாக்குகிறது, விவாகரத்தும் மனைவியின் மரணமும் இன்னும் முதியவனாக்கும், ஆகவே அந்தக் கல்யாணம் நடக்காததாக ஆகவேண்டும்.

அப்படித்தான் 2007-ன் இறுதியில் நான்கு இதழ்களில் அந்தக் கதை வந்தது. பீட்டர் தன் முகத்தை உலகுக்குக் காட்டிவிட்டதன் விளைவாக, அவனுக்கு வைத்த குறி தப்பிப் பெரியம்மா மேயின்மீது குண்டு பாய்கிறது. மருத்துவத்தாலும் மாயத்தாலும் அவளைக் காப்பாற்ற இயலவில்லை. மெஃபிஸ்டோ என்னும் நரகத்து அரசன் வருகிறான். அவன் உயிரையோ ஆன்மாவையோ கேட்கவில்லை, அவர்களுடைய கல்யாணத்தைக் கேட்கிறான். அந்தக் கல்யாணம் நடந்ததாகவே உலகில் ஒருவருக்கும் நினைவிருக்காது. பதிலுக்கு மே பிழைப்பாள். இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். நள்ளிரவு வரை ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு காத்திருக்கிறார்கள். பக்கத்தைத் திருப்பினால் பீட்டர் மேயின் வீட்டில், தனிக்கட்டையாகக் கண்விழிக்கிறான். கதையை எழுதிய ஜே. மைக்கேல் ஸ்ட்ரஸின்ஸ்கியே அதன் முடிவில் உடன்பாடில்லாமல், கடைசி இதழ்களிலிருந்து தன் பெயரை எடுத்துவிட நினைத்ததாகப் பின்னர் பொதுவெளியில் சொன்னார்.

நண்பர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த தொகுப்பில் அதைப் படித்தபோது எனக்கு முப்பது வயது ஆகியிருந்தது. வருத்தம் இருந்தது, ஆனால் கெசாடாவின் பக்கம் நின்று நண்பர்களோடு வாதிட்டவன் நான்தான். நாம் வளர்ந்துவிட்டோம் என்பதற்காக அவனையும் இழுத்துக்கொண்டு போவது என்ன நியாயம்? பன்னிரண்டு வயதில் இன்று இந்தத் தொடரை எடுக்கும் பையனுக்கு அவனைப் போலத் தடுமாறும் பீட்டர்தானே வேண்டும்? நம்முடைய இளமையை நாம் விட்டுக்கொடுப்பதைப் போல நம்முடைய பீட்டரையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பேசினேன். முழு மனதோடுதான் பேசினேன்.

அரை மணி நேரம்

ஆறு ஆண்டுகளுக்கு முன், எழுபத்தெட்டு வயதில், அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். மூன்றாம் நாள் மாலை மருத்துவர் அக்காவையும் என்னையும் வெளியே அழைத்து, இனி வென்டிலேட்டர் வைக்கலாம், வைத்தால் சில நாட்களோ சில வாரங்களோ நீளலாம், நினைவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். நல்ல மனிதர், அவசரப்படுத்தாமல், உட்கார வைத்துத்தான் சொன்னார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அம்மா சொல்லியிருந்தார்: “எனக்குக் குழாய் எல்லாம் மாட்டிராதீங்கடா. நான் வீட்ல இருந்தே போறேன்.” கீரைக்காம்பை ஒடிக்கும் கை நிற்காமலே சொன்னார். நாங்களும் சரியம்மா என்றோம்.

அக்கா உடனே சொல்லிவிட்டாள், “அம்மா சொன்னதச் செய்வோம்டா தம்பி.” எனக்கு வாய் வரவில்லை. அரை மணி நேரம் அந்த நடைவழியின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணி நேரத்தில் யார் வந்து எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். வீட்டை, வேலையை, என் ஆயுளில் பாதியை. என் கல்யாண வாழ்க்கையைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேனோ என்று நினைக்கும்போது இன்றும் உடல் நடுங்குகிறது. பீட்டர் செய்ததில் எனக்குக் குறை சொல்ல ஏதுமில்லை என்பது அன்று தெரிந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் அப்படித்தான் இருப்பான். ஆனால் அங்கிருந்து எழுந்துதான் ஆகவேண்டும். அக்கா என் தோளைத் தொட்டாள், எழுந்தேன், கையெழுத்துப் போட்டோம், அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான்கு நாட்கள் இருந்தார். இரண்டாம் நாள் சற்றுத் தெளிந்து, “கேஸ் சிலிண்டருக்குப் பதிஞ்சியா?” என்று கேட்டார். பதிந்துவிட்டேன் என்றேன். நான்காம் நாள் விடியற்காலையில், ஸ்பூனால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அடங்கிவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சென்னை திரும்பிய இரவு, தூக்கம் வராமல் அலமாரியிலிருந்து ஓர் இதழை எடுத்தேன். 1995-ல் வந்த 400-ஆம் இதழ், ஜே. எம். டிமேட்டிஸ் எழுதியது. அதில் மே இறக்கிறாள். பீட்டரை எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சிக்கு அழைத்துப்போய், நீ யார் என்பது எனக்கு நெடுங்காலமாகத் தெரியும் என்கிறாள். ஒரு வாழ்நாள் முழுவதும் அவன் ஒளித்த ரகசியத்தை அவள் ஒற்றைச் சொல்லில் இறக்கிவைக்கிறாள். பின்னர் படுக்கையில், அவன் அருகில் உட்கார்ந்து, சிறுவயதில் கேட்ட பீட்டர் பேன் கதையின் வரியைச் சொல்லியபடி அவளை வழியனுப்புகிறான். வளரவே மறுத்த சிறுவனின் கதை அது. அதைச் சொல்லிக்கொண்டே இந்தப் பீட்டர் வளர்கிறான். முன்பு பலமுறை படித்த பக்கங்கள்தாம், ஆனால் அன்றிரவுதான் உண்மையில் படித்தேன். ஆங்கிலத்தில், யாரோ அமெரிக்கர்கள் எழுதி வரைந்த அந்தப் பக்கங்களில், ஸ்பூனைப் பிடித்திருந்த என் கை எனக்குத் தெரிந்தது.

அந்த மரணத்தையும் பின்னர் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இறந்தவள் மே அல்லள், அவளைப் போல உருமாற்றப்பட்டு நடிக்க அமர்த்தப்பட்ட ஒரு நடிகை என்று 1998-ல் கதை சொல்லப்பட்டது. உண்மையான மே வீடு திரும்பினாள். அந்தச் செய்தி எனக்குப் பழையது. முன்பு அதை ஒரு தந்திரம் என்று எண்ணிக் கடந்துபோயிருந்தேன். அன்றிரவு அதை நினைத்தபோது கோபம் வந்தது. 1998-ல் ஒரு நல்ல சாவைப் பிடுங்கினார்கள். 2007-ல் சாவே வரக் கூடாது என்பதற்காக ஒரு நல்ல வாழ்வைப் பிடுங்கினார்கள். இரண்டும் ஒரே செயலின் இரண்டு முனைகள். வயதான ஒருத்தியைப் போகவிடுவதற்கு ஒரு மகன் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாற்பத்தைந்து ஆண்டு காலம் மெல்ல மெல்ல வளர்க்கப்பட்டு அந்த வாசல்வரை வந்துவிட்ட ஒருவனை, நாற்காலியை விட்டு எழவிடாமல் அங்கேயே உட்கார வைத்துவிட்டார்கள். 400-ஆம் இதழின் மேயை அறிந்தவர்களுக்கு, அந்தப் பேரத்தைப் பற்றி அவளிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும். முருங்கைக்கீரை ஆய்ந்தபடி என் அம்மா சொன்னதைத்தான் அவளும் சொல்லியிருப்பாள்.

2007-ன் கதையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பீட்டரின் வழியில் ஒரு சிறுமி குறுக்கிடுகிறாள். யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. பேரம் முடியும் நேரத்தில் மெஃபிஸ்டோ சொல்கிறான்: அவள் உங்களுக்குப் பிறந்திருக்க வேண்டிய மகள், இனிப் பிறக்கமாட்டாள். அவர்களுடைய மகளுக்கு ஏற்கெனவே வேறொரு கிளைக்கதையில் பெயரும் வாழ்வும் இருந்தன. 1998-ல் தொடங்கிய ‘ஸ்பைடர்-கேர்ள்’ தொடரில் அவள் பெயர் மே. பாட்டி முறையாகிவிட்ட பெரியம்மாவின் பெயரையே வைத்திருந்தார்கள். அந்தத் தொடரில் பீட்டர் கடைசிச் சண்டையில் ஒரு காலை இழந்து, முகமூடியைக் கழற்றி, காவல்துறையின் தடயவியல் பிரிவில் வேலை பார்க்கும் நடுவயதுத் தகப்பன். மகள் வலையைப் பிடித்துக்கொண்டு சன்னல் வழியாக வெளியேறும்போது வயிற்றைக் கலக்குகிற அச்சத்தோடு பார்த்துக்கொண்டு நிற்பவன். நிறுத்தப்போகிறோம் என்று பலமுறை அறிவிக்கப்பட்டும், வாசகர்களின் வற்புறுத்தலால் அந்தத் தொடர் நூறு இதழ்களைத் தொட்டது. நம்மிடம் பேரன், பேத்தி என்ற சொற்கள் பெயரன், பெயர்த்தி என்பதிலிருந்து வந்தவை; மூத்தவர்களின் பெயரைத் தாங்குபவர்கள் என்று பொருள். அந்தப் பேரத்தில் மே பிழைத்தாள். அவள் பெயரைத் தாங்கியிருக்க வேண்டியவள் இல்லாமல் போனாள். தமிழில் யோசிப்பவனுக்கு இதைவிடப் பெரிய நட்டம் தோன்றாது. என் அக்காவுக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவளை முழுப்பெயர் சொல்லி நாங்கள் யாரும் அதட்டமாட்டோம், அது அம்மாவின் பெயர் என்பதால்.

அப்படியானால் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு என்ன வழி? 2008-ல் நான் கேட்ட அதே கேள்வியை என்னால் ஒதுக்க முடியாது. அவனுக்கு அவன் வயதுக்காரன் ஒருவன் வேண்டும்தான். ஆனால் அதற்காக ஏற்கெனவே வாழ்ந்துவிட்ட ஒருவனைப் பின்னுக்கு இழுக்க வேண்டியதில்லை. 2011-ல் மைல்ஸ் மொராலஸ் வந்தான், புரூக்ளின் பையன், முகமூடியைத் தனதாக்கிக்கொண்டான். இன்று பல குழந்தைகளுக்கு ஸ்பைடர்மேன் என்றால் அவன்தான். நமக்கு ராணி காமிக்ஸில் மாயாவியாக அறிமுகமான, காட்டில் வாழும் முகமூடி நாயகர் வேதாளரை (ஃபேண்டம்) எண்ணிப் பாருங்கள். 1936-ல் லீ ஃபாக் அவரைப் படைத்தபோதே, மண்டையோட்டுக் குகையில் தந்தைக்குப் பின் மகன் உறுதிமொழி எடுக்கும் பரம்பரையை வைத்துவிட்டார். இருபத்தோராவது வேதாளர் டயானாவை 1977-ல் மணந்தார், இரட்டைக் குழந்தைகள் பிறந்தார்கள், கதை நிற்கவில்லை. சாவில்லாதவர் என்று காட்டில் எல்லோரும் நம்புவதற்கு, ஒவ்வொரு வேதாளரும் செத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. எக்கோ சொன்ன முடிச்சை ஃபாக் அதற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே அவிழ்த்துவிட்டார் என்று எனக்குப் படுகிறது.

குடும்பம் இருந்தால் கதை தானாக நன்றாக வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. பீட்டரின் கல்யாணம் நீடித்த இருபது ஆண்டுகளில் சலிப்பூட்டிய இதழ்கள் நிறைய உண்டு. மேரி ஜேன் சன்னலோரம் நின்று கவலைப்படுவதைத் தவிர வேறு வேலை கொடுக்கத் தெரியாத கதாசிரியர்களும் இருந்தார்கள். சூப்பர்மேனுக்கும் லோயிஸுக்கும் 1996-ல் மணமானது, 2011-ல் அது அழிக்கப்பட்டது, 2016-ல் மகனோடு திரும்பி வந்தது. அந்தப் பையன் தகப்பனோடு வயல்வெளியில் பறக்கக் கற்றுக்கொண்ட பக்கங்கள் சில மிக அழகானவை. பிறகு அவனையும் ஒரே தாவலில் பதினேழு வயதாக்கி, அந்தக் குழந்தைப்பருவத்தைச் சுருக்கிவிட்டார்கள். ஆனால் 2024 தொடக்கத்தில் ஜொனாதன் ஹிக்மனும் மார்கோ கெக்கெட்டோவும் ஒரு மாற்று உலகில் நடுவயதுப் பீட்டரை, மேரி ஜேனின் கணவனாக, இரண்டு குழந்தைகளின் தகப்பனாகக் கொண்டுவந்தார்கள். கல்யாணம் அவனை முதியவனாக்கும், வாசகர் வாங்கமாட்டார்கள் என்று இத்தனை காலம் சொல்லப்பட்டதற்கு மாறாக, முதல் இதழே பல முறை மறுபதிப்புக்குப் போனது. அதில் அவன் முகமூடி அணிவதைக் கண்டுபிடிக்கும் சின்ன மகளுக்குப் பெயர் மே.

இந்த விடுமுறைக்கு அக்கா மகன் மறுபடியும் வந்திருக்கிறான். குரல் உடைந்துவிட்டது, என் தோளைத் தாண்டிவிட்டான். நேற்று இரவு 122-ஆம் இதழ் அடங்கிய தொகுப்பை அவனிடம் கொடுத்தேன். போன வருஷம் நீ கேட்டதற்குப் பதில் இதில் இருக்கிறது, கடைசிப் பக்கத்தை மட்டும் மெதுவாகப் பார் என்றேன். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தான். சின்னக் கட்டங்களின்மீது விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு போனான். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.

“மாமா, அவ வெளில போய்ட்டாளா?”

“நல்லாப் பாரு” என்றேன்.

புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோனான். கதவையும், கைப்பிடியையும், அந்தச் சத்தத்தையும் நெடுநேரம் பார்த்தான்.

“இல்ல” என்றான். “உள்ளதான் இருக்கா.”